வெளிப்பூச்சுதானே என்றவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் மருந்துக் கொள்முதல் குழுவினருக்கும்,

மருந்தக ஜன்னலுக்கு மேலே நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பை மூன்று முறை படித்தேன். வெளிப்பூச்சு மருந்துகள் இனி மொத்த டப்பாவிலிருந்தே வழங்கப்படும், நோயாளிகள் பாத்திரம் கொண்டுவர வேண்டும் என்கிறது முதல் வரி. தோல் பிரிவின் மருந்து பூசும் அறை மூடப்படுகிறது, அங்கிருந்த செவிலியர் வேறு பணிக்கு மாற்றப்படுகிறார் என்கிறது இரண்டாவது வரி. கையெழுத்தும் முத்திரையும் ஒழுங்காக இருக்கின்றன. காரணம் மட்டும் எழுதப்படவில்லை. உள்ளே விசாரித்தேன். "வெளிப்பூச்சுதானே சிஸ்டர், இதற்கெல்லாம் எதற்கு ஓர் அறை, ஓர் ஆள்?" என்று கூட்டத்தில் பேசப்பட்டதாகச் சொன்னார்கள்.

அந்த 'தானே'வுக்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

இதே மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்துவிட்டுச் சென்ற வைகாசியில் ஓய்வு பெற்றேன். பணியில் இருந்தபோது இப்படி எழுதியிருக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். இப்போது நான் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் ஒரு சாதாரண ஆள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் பல விஷயங்கள் வேறு மாதிரி தெரிகின்றன.

தங்கைக்கு 58 வயது. 11 ஆண்டுகளாகக் காளாஞ்சகப்படை. சொரியாசிஸ் என்றால்தான் இப்போது எல்லோருக்கும் புரிகிறது. சென்ற செவ்வாய்க்கிழமை தோல் மருத்துவர் இரண்டு மருந்துகள் எழுதினார். ஒன்று குளோபெட்டசால் 0.05 சதவீதக் களிம்பு, வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு. முழங்கை, முழங்கால் திட்டுகளில் மட்டும், மெல்லிசாக, இரண்டு வாரம். மற்றொன்று பாராஃபின் கலந்த ஈரப்பதக் களிம்பு. உடல் முழுக்க, எத்தனை முறை வேண்டுமானாலும். எழுதிக்கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை.

ஜன்னலில் இருந்த இளைஞரையும் நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு முன்னால் அறுபது பேர் நின்றார்கள். அரைக்கிலோ டப்பா ஒன்றைத் திறந்தார். நாக்கை அழுத்திப் பார்க்கும் மரப்பட்டையால் ஒரு கட்டி அள்ளினார். நாங்கள் பாத்திரம் கொண்டுபோகவில்லை. எனவே, பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளில் அதை வைத்து மடித்தார். அதே பட்டையை இரண்டாவது டப்பாவில் விட்டு இன்னொரு கட்டி. இன்னொரு தாள். அதில் ஏதோ ஒரு பிள்ளை போட்ட வகுத்தல் கணக்கு இருந்தது. மருந்தின் பெயர் இல்லை. எது எது என்று கேட்டேன். "இரண்டுமே பூசுகிற மருந்துதான் அம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு பொட்டலங்களையும் மேசைமேல் பிரித்து வைத்தேன். இரண்டும் வெள்ளை. இரண்டுக்கும் வாசனை இல்லை. இரண்டும் விரலில் வழுக்கின. எத்தனையோ ஆண்டுகள் களிம்புகளோடு புழங்கிய எனக்கே எது ஸ்டீராய்டு, எது வெறும் பாராஃபின் என்று சொல்ல முடியவில்லை. இரண்டையும் மடித்துக் குப்பையில் போட்டேன். வெளிக் கடையில் காசு கொடுத்து டியூபாக வாங்கினேன். என்னால் வாங்க முடிந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற செங்கல் சூளைப் பெண்ணால் முடியாது.

மாற்றிப் பூசினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு பெரியவரின் உடல் முழுக்க ஒருமுறை பூச 20 முதல் 30 கிராம் வேண்டும். காலையும் இரவும் என்றால் வாரத்துக்கு 280 கிராமுக்குக் குறையாது. குளோபெட்டசாலுக்கு வாரத்துக்கு 50 கிராம்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். அது கண்ணுக்குத் தெரிகிற சேதம். உள்ளே சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்தியும்விடலாம். பயந்துபோய்த் திடீரென்று மருந்தை விட்டாலோ, அடங்கியிருந்த சொரியாசிஸ் சீழ்க் கொப்புளங்களாகத் திரும்பிவரலாம். தோல் ஒரு மழைச்சட்டை இல்லை ஐயா, மேலே விழுந்ததெல்லாம் வழிந்து போவதற்கு. பூசியதில் ஒரு பங்கு உள்ளே போகிறது. கண்ணிமையிலும், கவட்டியிலும், அக்குளிலும், குழந்தையின் உடம்பிலும் இன்னும் கூடுதலாகப் போகிறது.

செவிலியர் பயிற்சியில் எங்கள் ஆசிரியை ஒரு கதை சொல்லுவார். 1972-ல் பிரான்சில் ஒரு குழந்தைப் பவுடர். தயாரிப்பில் நடந்த தவறால் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி அதில் 6 சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்தார்கள். யாரும் எதையும் விழுங்கவில்லை. குளிப்பாட்டிவிட்டுத் தொடையிடுக்கில் தட்டிவிட்ட பவுடர்தான். வெளிப்பூச்சுதான்.

இனி டியூப் பற்றி. டியூபுக்குப் பதில் டப்பா வாங்கினால் பணம் மிச்சம் என்பது உங்கள் எண்ணம். டியூபின் வாய் ஓர் அளவுகோல் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பிலிருந்து நுனிவரை டியூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்கு அது போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரே நிமிடத்தில் இதைக் காட்டிக்கொடுத்துவிடலாம். ஒரு காலுக்கு ஆறு கோடு. வேளைக்கு 3 கிராம், நாளைக்கு 6. அப்படியானால் 15 கிராம் டியூப் ஒரு காலுக்கு இரண்டரை நாள்தான் வரும். டியூப் எவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்பதை வைத்தே நோயாளி கூடுதலாகப் பூசுகிறாரா, பூசவே இல்லையா என்று நாங்கள் கண்டுபிடிப்போம். தாளில் இருக்கும் கட்டிக்கு வாயும் இல்லை, அளவும் இல்லை. எண்ணெய் தேய்ப்பது போல முழங்கால் வரை வழித்துத் தேய்த்துக்கொண்டு வருவார்கள்.

டியூபின் மேல் அச்சிட்டிருப்பதும் மருந்தில் ஒரு பகுதிதான். வெளி உபயோகத்துக்கு மட்டும் என்ற வரியைக் களிம்புகளின் மேல் அச்சிடச் சொல்வது 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள். 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் ஸ்டீராய்டுக் களிம்புகளை எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது, மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது என்பதற்காக. தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் மன்றாடியபின் வந்த மாற்றம் அது. ஏன் மன்றாடினார்கள் என்பதை எங்கள் ஓ.பி.யில் ஒரு காலை உட்கார்ந்திருந்தால் பார்த்திருக்கலாம். முகம் வெளுக்க வேண்டும் என்று ஸ்டீராய்டு கிரீமை மாதக்கணக்கில் பூசி, வெயிலில் நிற்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வரும் கல்லூரிப் பெண்கள். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசி, அரிப்பு நின்றதும் விட்டு, மறுபடி பூசி, இடுப்பு முழுக்கப் பரவவிட்டு வரும் லாரி ஓட்டுநர்கள். ஒரு காலத்தில் சில வாரங்களில் ஓடிப்போன படர்தாமரை இப்போது டெர்பினஃபைன் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கே பல நேரம் மசிவதில்லை. அப்படி மசியாத ஒரு பூஞ்சைக்கு 2020-ல் இந்தியாவின் பெயரையே சேர்த்து டிரைக்கோஃபைட்டான் இந்தோடினியே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை. கடைக்காரர் சீட்டில்லாமல் விற்கிறார் என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். இங்கே நாமே பெயரில்லாமல் அள்ளிக் கொடுத்தால் அவரை என்ன சொல்ல?

பாத்திரம் கொண்டுவரச் சொல்வதிலும் புதுமை ஒன்றும் இல்லை. பழைய வழக்கத்துக்குத்தான் திரும்பியிருக்கிறீர்கள். அது ஏன் கைவிடப்பட்டது என்பது கோப்புகளில் இருக்காது. எனக்கு நினைவிருக்கிறது.

15 ஆண்டுகளுக்கு முன்பு வரை சொறி சிரங்குக்கு வருபவர்களைப் பாட்டில் கொண்டுவரச் சொல்லித்தான் பென்சைல் பென்சோயேட் ஊற்றிக் கொடுப்போம். ஜனங்கள் அதை வெள்ளை மருந்து என்பார்கள். 25 சதவீதம், பார்க்கப் பால் போல இருக்கும். ஒரு பாட்டி இருமல் சிரப் பாட்டிலைக் கழுவி எடுத்துவந்தார். அதில் ஊற்றிக் கொடுத்தவள் நான்தான். பாட்டிலின் மேல் இருமல் மருந்தின் பெயர் அப்படியே ஒட்டியிருந்தது. அதைக் கிழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் இரவு அவருடைய பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இருமுகிறான் என்று சித்தப்பா மாடத்திலிருந்த பாட்டிலை எடுத்து இரண்டு மூடி கொடுத்திருக்கிறார். வழியிலேயே வலிப்பு. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு இரவுகள் இருந்தான். பிழைத்தான். அந்தச் சித்தப்பா எங்கள் யாரிடமும் சண்டை போடவில்லை. "பாட்டிலில் அப்படித்தானே எழுதியிருந்தது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று உங்கள் நாற்காலியில் இருந்தவர் மறுவாரமே மூன்று காரியங்கள் செய்தார். பழைய பாட்டிலில் எதையும் ஊற்றக் கூடாது என்று உத்தரவு போட்டார். டியூபும் சீட்டு ஒட்டிய பாட்டிலும் மட்டும் வாங்கச் செய்தார். மருந்து பூசும் அறையைத் திறந்தார். நீங்கள் மூடியிருப்பது அந்த அறையை.

எட்டடிக்கு ஆறடி அறை. கை கழுவும் தொட்டி, இரண்டு முக்காலி, ஒரு திரை. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே என்ன பெரிய வேலை என்றுதான் தோன்றும். வந்தவரை உட்காரவைத்துப் பழைய களிம்பைத் துடைத்து எடுப்போம். அதைத் துடைக்காமல் அதன் மேலேயே பூசினால் பூச்சு பூச்சின்மேல்தான் உட்காரும். துடைத்தபின்தான் தோல் தெரியும். நீர் வடிகிறதா, செதில் பிடித்திருக்கிறதா என்று பார்ப்போம். நீர் வடிகிற கரப்பானில் கெட்டிக் களிம்பை அப்பினால் உள்ளே புழுங்கி மோசமாகும். அதற்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் நனைத்த துணி, அல்லது லோஷன். வெடித்துக் காய்ந்த பாதத்துக்குத்தான் களிம்பு. மடிப்புகளுக்குக் கிரீம். தலைக்கு லோஷன். களிம்பை முடி வளரும் திசையிலேயே இழுத்துப் பூச வேண்டும். எதிர்த்துத் தேய்த்தால் மயிர்க்கால்களில் கொப்புளம் வரலாம். பெர்மாங்கனேட்டை வெளிர் ரோஜா நிறம் வரும்வரைதான் கரைக்க வேண்டும். ஒரு துகள் கரையாமல் நின்றாலும் அது விழுந்த இடம் வெந்துபோகும். இதையெல்லாம் சீட்டில் எழுத இடமில்லை. பக்கத்தில் நின்று செய்து காட்ட வேண்டும்.

சிரங்குக்குப் பெர்மெத்ரின் கொடுத்தால் கழுத்திலிருந்து பாதம் வரை, விரலிடுக்கும் நகத்தடியும் விடாமல், இரவில் பூசி 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து கழுவ வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும். வீட்டிலுள்ள அத்தனை பேரும் அதே இரவில் பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிக்கிற இடத்தில் மட்டும் பூசிவிட்டு "உங்கள் மருந்து கேட்கவில்லை" என்று திரும்பி வருபவர்கள்தான் அதிகம். இதை ஒரு குடும்பத்துக்கு விளங்கவைக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் ஜன்னலில் கிடைக்காது.

சில மருந்துகளை வீட்டுக்கே கொடுத்தனுப்பக் கூடாது. பிறப்புறுப்பு மருக்களுக்குப் பூசும் போடோஃபிலின் அப்படிப்பட்டது. சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாசலின் தடவி அணைகட்டிவிட்டு, மருவின்மேல் மட்டும் தொட்டு, சில மணி நேரத்தில் கழுவச் சொல்லி அனுப்ப வேண்டும். கர்ப்பிணிக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை ஓர் இளம் பெண்ணிடம் திரைக்குப் பின்னால் வைத்து, நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்டேன். வெளியே மருத்துவர் கேட்டபோது இல்லை என்றவள், என்னிடம் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள். பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துவிட்டு மருத்துவரிடம் போனேன். அந்தத் திரையையும் இப்போது கழற்றிவிட்டீர்கள்.

வாசலின், பாராஃபின் என்றதும் இன்னொன்று. பாராஃபின் களிம்பு ஊறிய துணியும் படுக்கையும் சட்டென்று தீப்பிடிக்கும் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018-ல் எச்சரித்தது. துவைத்தாலும் முழுக்கப் போவதில்லை. என் தங்கை தினமும் மூன்று வேளை கேஸ் அடுப்பின் முன் நிற்கிறாள். படுத்த படுக்கையிலிருந்து பீடி குடிக்கும் பெரியவர்களை வார்டில் எவ்வளவோ பார்த்திருக்கிறோம். சொன்னால் கவனமாக இருப்பார்கள். சொல்வதற்குத்தான் அந்த அறையில் ஓர் ஆளை வைத்திருந்தோம்.

வார்டு விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன், எழுதும்போதே கோபம் வருகிறது. பூசுவதைக் கூட இருப்பவர்களே செய்யட்டும், கையுறை கட்டுப் போடுவதற்கு மட்டும், வார்டுக்கு ஒரு டப்பா என்று வாய்மொழி உத்தரவு வந்திருப்பதாக அறிகிறேன். தீக்காயப் பிரிவில் சில்வர் சல்ஃபாடயசின் டப்பாவில் ஒருவரின் புண்ணைத் தொட்ட விரல் இரண்டாவது முறை போனால், அந்த டப்பா அடுத்த கட்டிலுக்குப் பச்சைச் சீழைத்தான் கொண்டுபோகும். சல்ஃபா ஒவ்வாதவருக்கும், பிரசவம் நெருங்கிய பெண்ணுக்கும், இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கும் அதைத் தொடக் கூடாது என்பது கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் மாமியாருக்கு எப்படித் தெரியும்? கையுறை எங்கள் கௌரவத்துக்காகக் கேட்பதில்லை. ஒரு ஷிப்டில் 20 பேருக்கு வெறும் கையால் ஸ்டீராய்டு பூசும் செவிலியரின் தோலும் தோல்தான்.

பணம் இல்லை என்கிறீர்கள். அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. பஞ்சுக்கும் கணக்குப் பார்த்த காலத்தில் வேலை பார்த்தவள் நான். ஆனால் அந்தப் பேரன் தீவிர சிகிச்சையில் இருந்த இரண்டு இரவுகளுக்கு ஆன செலவில் எத்தனை டியூப் வாங்கியிருக்கலாம் என்று அன்றைய கண்காணிப்பாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தாளிலும் டப்பாவின் விளிம்பிலும் மரப்பட்டையிலும் ஒட்டி வீணாகும் களிம்பையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பவை இவை.

அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். தாளிலோ, நோயாளி கொண்டுவரும் பாட்டிலிலோ எந்த மருந்தும், பாராஃபின் உட்பட, கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். வாங்கிவிட்ட டப்பாக்களை எறிய வேண்டாம். மருந்தகத்திலேயே மூடியுள்ள சிறு புட்டிகளில், டப்பாவுக்கு ஒரு கரண்டி என்று வைத்து, மருந்தாளுநரின் மேற்பார்வையில் நிரப்பலாம். புட்டியின் மேல் மருந்தின் பெயர், வீரியம், எந்த இடத்தில், எத்தனை நாள், வெளி உபயோகத்துக்கு மட்டும் என்ற ஐந்தும் தமிழில் இருக்கட்டும். ஸ்டீராய்டுக்கு மட்டும் இந்தச் சலுகையும் வேண்டாம். அது டியூபிலேயே வரட்டும், பெட்டியோடு போகட்டும்.

மருந்து பூசும் அறையைத் திறந்து, மாற்றப்பட்ட செவிலியரை அங்கே திரும்ப அனுப்புங்கள். தினமும் முடியாவிட்டால் தோல் ஓ.பி. நடக்கும் செவ்வாயும் வெள்ளியும் மட்டுமாவது. திரையோடு.

வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரு டியூப், பூசும் கைக்குக் கையுறை. பூசுவது செவிலியரின் வேலை என்பதையும், வீட்டுக்குப் போகுமுன் உறவினருக்குக் கற்றுக்கொடுப்பதும் அவர் வேலை என்பதையும் அந்த உத்தரவிலேயே சேர்த்துவிடுங்கள். அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து தாளில் மருந்து வாங்கிப் போனவர்களின் பெயர்கள் ஓ.பி. பதிவேட்டில் இருக்கும். அவர்களைத் திரும்ப அழைத்து எதை எங்கே பூசுகிறார்கள் என்று கேளுங்கள். இது மற்ற எல்லாவற்றையும்விட அவசரம்.

தங்கைக்கு மறுபரிசோதனை அடுத்த செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு அதே ஜன்னலில் நிற்போம். பாத்திரம் கொண்டுவர மாட்டோம்.

இப்படிக்கு,
இந்த மருத்துவமனையில் ஓய்வு பெற்ற ஒரு செவிலியர்